கிறிஸ்துமஸ் பார்ட் எழுதுகிறேன்: டை போடுவதா, புள்ளி வைப்பதா?

லாஸ்பேட்டை கீபோர்ட்

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு நான்கு குரல், இரண்டு ட்ரம்பெட், ஒரு பேஸ் கிடார், எல்லாவற்றுக்கும் ஸ்டாஃப் நோட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறிப்பில், பார்ட் (அவரவருக்கான தாள்) எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கீபோர்டில் வாசித்து மிடியாக (வாசித்ததைக் கணினி பதிவுசெய்யும் வடிவம்) மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் ஏற்றினேன், பக்கம் முழுக்க டை, அதாவது இரண்டு நோட்டை ஒரே நீளமாகச் சேர்க்கும் வளைவு. பாடுகிறவர்களில் ஒரு அக்கா, இதையெல்லாம் புள்ளி வைத்த நோட்டாக (புள்ளி நீளத்தைப் பாதி கூட்டும்) மாற்று, படிக்க லேசாக இருக்கும் என்கிறார். ட்ரம்பெட் வாசிக்கிறவர் டையைத் தொடாதே என்கிறார். இருவரும் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள், அதனால்தான் எனக்குக் குழப்பம்.

ஒரு பார் மட்டும் சொல்கிறேன். 4/4, அதாவது இரண்டு பார் கோடுகளுக்கு நடுவே நான்கு பீட். முதல் பீட்டில் ஒரு கிராட்செட், ஒரு பீட் நோட்டு. இரண்டாவது பீட்டில் தொடங்கி ஒன்றரை பீட் நிற்கும் ஒரு நோட்டு, உடனே இன்னொரு ஒன்றரை பீட் நோட்டு, அதோடு பார் முடிகிறது. கிராட்செட், டாட்டட் (புள்ளி வைத்த) கிராட்செட், டாட்டட் கிராட்செட் என்று மூன்றே நோட்டில் எழுதிவிடலாம். மியூஸ்ஸ்கோர் கொடுத்திருப்பது வேறு: கிராட்செட், பிறகு ஒரு கிராட்செட்டும் க்வேவரும் (அரை பீட் நோட்டு) டை, பிறகு ஒரு க்வேவரும் கிராட்செட்டும் டை. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியென்றால் இதற்கு விதி உண்டா, எழுதுகிறவர் இஷ்டமா?

முதலியார்பேட்டை ட்ரம்பெட்

தம்பி, காதுக்கு ஒன்றுதான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பார்ட் எழுதுவது காதுக்கு இல்லை, கண்ணுக்கு. முதல் முறை பார்க்கிறவன் நிற்காமல் வாசிக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறோம்.

4/4-ல் பாரின் நடு, அதாவது மூன்றாவது பீட், எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் சொன்ன பாரில் இரண்டாவது பீட்டில் புள்ளி வைத்த கிராட்செட் போட்டால் அது மூன்றாவது பீட்டை விழுங்கிக்கொண்டு போய் மூன்றரையில் முடிகிறது. அடுத்த நோட்டு மூன்றின் 'அண்ட்'டில் (அந்த பீட்டின் இரண்டாம் பாதியில்) தொடங்குகிறது என்பதைப் படிக்கிறவன் மனக்கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டை போட்டு எழுதினால் கிராட்செட் இரண்டாவது பீட், டையின் அந்தப் பக்கம் இருக்கும் க்வேவர் சரியாக மூன்றாவது பீட், அடுத்த க்வேவர் அதன் 'அண்ட்', கடைசி கிராட்செட் நான்காவது பீட். காலைத் தட்டிக்கொண்டே வாசிக்கலாம், நோட்டுத் தலைகளின் எண்ணிக்கை கூடினாலும் யோசிக்கும் வேலை குறைகிறது.

அதே டாட்டட் கிராட்செட் முதல் பீட்டில் தொடங்கினால் புள்ளியே வையுங்கள், டை வேண்டாம். மூன்றாவது பீட்டில் தொடங்கினாலும் அப்படித்தான். ஏனென்றால் அந்த இரண்டு இடத்திலும் அது பாரின் பாதியைத் தாண்டுவதில்லை. இரண்டின் 'அண்ட்'டில் தொடங்கினால் தாண்டும், அங்கே க்வேவரும் கிராட்செட்டும் டை. ஆகவே எவ்வளவு நீளம் என்பதோடு எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். ஒரே நீளம், பாரில் ஓர் இடத்தில் புள்ளியும் இன்னோர் இடத்தில் டையும் கேட்கும்.

தேர்பவனியில் நடந்துகொண்டே வாசித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கையளவு தாள், வெளிச்சம் குறைவு, கால் ஒரு பீட்டில் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மூன்றாவது பீட் தெரியாத பார் வந்தால் பேண்டே தடுமாறும்.

மஞ்சக்குப்பம் பேஸ்

அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் இதைக் கல்லில் செதுக்கிய விதி மாதிரி எடுத்துக்கொண்டால் பேஸ் வாசிப்பவர்களுக்குக் கஷ்டம். நான் கடலூர்ப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். எட்டு க்வேவரை 3+3+2 என்று பிரித்துப் போகிற தாளக்கட்டு எத்தனை பாட்டில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும், லத்தீன் பக்கத்திலிருந்து வந்த அந்தக் கட்டு நம் சினிமாப் பாட்டிலும் ஊறிப்போயிருக்கிறது. அதை டாட்டட் கிராட்செட், டாட்டட் கிராட்செட், கிராட்செட் என்று எழுதினால் எனக்கு ஒரு பார்வையில் தெரியும்: மூன்று, மூன்று, இரண்டு. இரண்டாவது நோட்டைப் பாதியில் வெட்டி டாட்டட் கிராட்செட், க்வேவர் டை கிராட்செட், கிராட்செட் என்று எழுதினால் மூன்றாவது பீட் தெரிகிறது, சரி, ஆனால் தாளத்தின் உருவம் காணாமல் போகிறது. பேஸும் டிரம்ஸ் கிக்கும் சேர்ந்து அடிக்கும்போது நான் மூன்றாவது பீட்டை எண்ணுவதே இல்லை, 3+3+2-ஐத்தான் உடம்பில் வைத்திருக்கிறேன்.

பாப், லத்தீன் பார்ட்டுகளில் இரண்டு டாட்டட் கிராட்செட்டை அடுத்தடுத்துப் போட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன்.

முதலியார்பேட்டை ட்ரம்பெட்

தப்பு என்று நானும் சொல்லவில்லை தம்பி. பாட்டு முழுக்க ஒரே கட்டு ஓடுகிறது, வாசிக்கிறவருக்கு அது தெரியும் என்றால் 3+3+2-ஐ உருவம் கெடாமல் எழுதுவதுதான் நல்லது. முதல் நான்கு பாரிலேயே கை பிடித்துக்கொள்ளும்.

ஆனால் லாஸ்பேட்டைத் தம்பி எழுதும் பாரை மறுபடி பாருங்கள். அது 2+3+3. பாட்டு நடுவில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது போலிருக்கிறது. முன்னாலும் பின்னாலும் நேரான நான்கு பீட். அங்கே ஆல்டோ பாடுகிற ஒருவர் திடீரென்று அதைச் சந்திக்கிறார். அவருக்கு டைதான் உதவும். பேஸுக்கு ஒரு மாதிரியும் குரலுக்கு ஒரு மாதிரியும் எழுதினால்கூட நான் குறை சொல்ல மாட்டேன், ஒத்திகையில் பார் நம்பர் சொல்லிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் வயலின்

இரண்டு பக்கமும் படித்தேன். கர்நாடக வயலினும் ஸ்டாஃப் நோட்டேஷனும் இரண்டும் சொல்லித் தருகிறேன், அதனால் ஒன்று சேர்க்க ஆசை.

நம் ஸ்வரக் குறிப்பில் இந்தச் சண்டையே கிடையாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 'ஸ' ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை), 'ஸா' இரண்டு அட்சரம், அதற்கு மேல் கார்வை (நீட்டி நிற்பது) வேண்டுமென்றால் ஒரு கமா போட்டால் ஒரு அட்சரம், அரைப்புள்ளி போட்டால் இரண்டு. ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு இடம் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், தாளத்தின் அங்கம் (ஒரு பகுதி) முடிகிற இடத்தில் ஒரு கோடு. ஸ்வரம் கோட்டைத் தாண்டி நின்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் முதல் இடத்தில் கமா போட்டுவிட்டுப் போய்விடுவோம். தட்டு அந்தக் கமாவில் விழுகிறது என்று படிக்கிற பிள்ளைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஸ்டாஃபில் அப்படி இல்லை. ஒவ்வொரு நீளத்துக்கும் தனி உருவம், அந்த உருவத்துக்குள் எத்தனை பீட் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால்தான் உருவத்தைப் பீட் விழும் இடத்தில் உடைத்து டை போட வேண்டியிருக்கிறது. அங்கே டை செய்கிற வேலையை இங்கே கமா எப்போதும் செய்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு ஆச்சரியம். ஐரோப்பாவிலும் பழைய அச்சுகளில் நம்மைப் போலவே எழுதியிருக்கிறார்கள். நோட்டு ஒரு பாரில், அதன் புள்ளி மட்டும் பார் லைனைத் தாண்டி அடுத்த பாரில் தனியாக நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஒவ்வொரு குரலின் பார்ட்டும் பார் லைன் இல்லாமலேதான் அச்சாகும், அங்கே புள்ளிக்குத் தடை எதுவும் இல்லை. பார் லைன் வழக்கத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கொஞ்ச காலம் தொடர்ந்தது. இப்போது அப்படி எழுதக் கூடாது, பார் லைனைத் தாண்டினால் டை மட்டும்தான். ஆனால் நம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கமாவும் அந்தப் பழைய புள்ளியும் ஒரே யோசனை.

நம் குறிப்பில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வரி ஆரம்பத்தில் கமா இருந்தால் அது முந்தைய ஸ்வரத்தின் கார்வையா, எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) முந்தைய இடைவெளியா என்று பாட்டுத் தெரிந்தால்தான் புரியும். ஸ்டாஃபில் டை வேறு, ரெஸ்ட் (மௌனக் குறி) வேறு. அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கும்.

லாஸ்பேட்டை கீபோர்ட்

அக்கா, இது நான் எதிர்பார்க்காத பதில், மிக்க நன்றி. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஸ்வரம் தெரிந்தவர்கள், இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு சந்தேகம். மிஸ்ர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) ஒரு பாட்டு இருக்கிறது, 7/8 என்று எழுதியிருக்கிறேன். கடைசி அடியில் சோப்ரானோ (மேல் குரல்) பாடுகிறவர்கள் ஏழும் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறார்கள். இரட்டைப் புள்ளி வைத்த மினிம் (நான்கு க்வேவர் நீள நோட்டு; இரண்டாவது புள்ளி முதல் புள்ளியில் பாதி) போட்டால் நான்கு, இரண்டு, ஒன்று, ஆக ஏழு க்வேவர் சரியாக வருகிறது, ஒரே நோட்டு. இங்கே டை தேவையா?

திருப்பாதிரிப்புலியூர் வயலின்

கணக்கு சரிதான். ஆனால் மிஸ்ர சாபு 3+4. அந்த இரட்டைப் புள்ளி நோட்டு நான்கில் ஆரம்பித்து மூன்றில் முடிகிற மாதிரி தோற்றம் கொடுக்கும். டாட்டட் கிராட்செட்டும் மினிமும் டை போடுங்கள்: மூன்று, பிறகு நான்கு. தகிட, தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே பார்த்தால் இரண்டாவது தலை சரியாக 'தகதிமி'யின் 'த'வில் வந்து நிற்கும். ஐந்து எண்ணிக்கையான கண்ட சாபுவும் அப்படித்தான், 5/8-ல் முழு ஆவர்த்தமும் (தாளச் சுற்றும்) நிற்க வேண்டுமென்றால் கிராட்செட்டும் டாட்டட் கிராட்செட்டும் டை, 2+3. ஐந்து க்வேவர் நீளத்தை எந்த ஒற்றைப் புள்ளியாலும் எழுத முடியாது என்பதால் அங்கே வேறு வழியும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம், 3+2 என்று மாற்றிப் போட்டால் கேட்கும் நீளம் அதேதான், படிக்கிறவர் தாளம் மட்டும் கவிழ்ந்துவிடும்.

1890-களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஸ்டாஃபில் எழுதி அச்சில் கொண்டுவந்தார். பாடாந்தரம் (வழிவழியாகப் பாடிவரும் வடிவம்) அழிந்துவிடக் கூடாது என்ற கவலையில் அவர் போட்ட உழைப்பு பெரியது. அந்த வேலையில் யார் இறங்கினாலும் நம் தாளத்தை அவர்கள் பாருக்குள் எங்கே உடைத்து வைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்கும். இன்றைக்கும் ஸ்டாஃபில் கர்நாடக உருப்படி எழுதுகிறவர்கள் இதில் கவனம் வைக்காமல், மென்பொருள் கொடுத்ததை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

காலாப்பட்டு மாணவன்

மென்பொருள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். லாஸ்பேட்டை அண்ணா, உங்கள் பக்கத்தில் டை குவிந்ததற்கு இன்னொரு காரணம் மிடி. கீபோர்டில் ஒரு கிராட்செட் வாசிக்கும்போது விரல் கொஞ்சம் முன்னால் எழும், கொஞ்சம் பின்னால் விழும். மென்பொருள் அதை அப்படியே நம்பி க்வேவரோடு டை போட்ட டெமிசெமிக்வேவர் (க்வேவரில் கால் பங்கு) என்று எழுதிவைக்கும். அந்த டைக்கும் இங்கே பேசுகிற டைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் குவாண்டைஸ் அளவை, அதாவது நோட்டுகளை அருகிலுள்ள கட்டத்துக்கு ஒட்டவைக்கும் அளவை, க்வேவருக்கோ செமிக்வேவருக்கோ (அரை க்வேவர்) வைத்து மறுபடி ஏற்றுங்கள். பாதி டை அங்கேயே போய்விடும்.

மிச்சமிருப்பதற்கு மியூஸ்ஸ்கோரில் டூல்ஸ் மெனுவில் ரீகுரூப் ரிதம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பாரைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் டைம் சிக்னேச்சருக்கு (4/4, 6/8 போன்ற தாளக் குறிக்கு) ஏற்ற மாதிரி டையும் புள்ளியும் மாற்றி எழுதிப் பார்க்கும். எல்லா இடத்திலும் சரியாக வராது, பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். 2016-ல் வந்த டோரிகோ என்ற மென்பொருள் வேறு மாதிரி யோசிக்கிறது, டை போட்ட இரண்டு தலையையும் அது ஒரே நோட்டாகத்தான் மனதில் வைத்திருக்கும். அதே இசையை 6/8-லிருந்து 3/4-க்கு மாற்றினால் டைகளைத் தானே இடம் மாற்றிப் போடும். 3+3+2 மாதிரி நம் இஷ்டத்துக்கு வேண்டுமென்றால் அதிலுள்ள ஃபோர்ஸ் டியூரேஷன் என்ற வசதியைப் போட்டுக் கட்டாயப்படுத்தலாம். ஃபினாலே என்ற பழைய நோட்டேஷன் மென்பொருளை வைத்திருப்பவர்கள் இனி அதை நம்பிப் புதிய வேலை தொடங்க வேண்டாம், 2024-ல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம் பேஸ்

இந்த ரீகுரூப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் பீட் பீட்டாக வெட்ட ஆரம்பித்தால் அதுவும் படிக்க முடியாது. க்வேவர், கிராட்செட், க்வேவர் என்று வரும் சாதாரண சிங்கோபேஷனில் (பீட்டுக்கு இடையில் நோட்டு விழும் நடையில்) நடுவில் இருக்கும் கிராட்செட் இரண்டாவது பீட்டை விழுங்குகிறது. அதற்காக யாரும் அதை உடைத்து இரண்டு க்வேவர் டை போட மாட்டார்கள். கிராட்செட், மினிம், கிராட்செட் என்று 4/4-ல் வந்தால் மினிம் மூன்றாவது பீட்டையே தாண்டுகிறது, ட்ரம்பெட் அண்ணா சொன்ன விதிப்படி அது உடைய வேண்டும். ஆனால் எல்லாரும் உடைக்காமல்தான் எழுதுகிறார்கள், எல்லாரும் படிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அந்த உருவம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, கண் அதை ஒரே சொல்லாகப் படித்துவிடுகிறது.

என் வாதம் இதுதான். படிக்கிறவருக்குப் பழகிய உருவமா, அப்படியே விடுங்கள். பழகாததா, பீட்டைக் காட்டுங்கள்.

முதலியார்பேட்டை ட்ரம்பெட்

இதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பீட்டில் தொடங்கி மூன்று பீட் நிற்கிற டாட்டட் மினிமையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கிராட்செட்டும் டாட்டட் மினிமும் யாரையும் குழப்பாது. முழு பீட்டில் தொடங்கி முழு பீட்டில் முடியும் வரை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். 'அண்ட்'டில் தொடங்குவது, 'அண்ட்'டில் முடிவது என்று வந்தால் கறாராக இருங்கள். செமிக்வேவர் அளவில் போனால் இன்னும் கறார், அங்கே ஒவ்வொரு பீட்டும் தெரிய வேண்டும்.

சினிமா ரெக்கார்டிங் வயலின்காரர்களை நினைத்துப் பாருங்கள். இளையராஜா ஸ்டாஃபில் எழுதித் தருவார் என்பது ஊரறிந்த விஷயம். தாள் கைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் டேக். அந்த மாதிரி இடத்தில் தாள் ஒருவரைக்கூட யோசிக்க வைக்கக் கூடாது.

ஆனால் அந்தத் 'பழகிய உருவம்' ஒவ்வொருவருக்கும் வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள். உங்களுக்குப் பழகியது பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பழகியிருக்காது.

உப்பளம் பாடகர் குழு

குழு நடத்துகிறவள் என்ற முறையில் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. டை என்பது பீட்டைக் காட்ட மட்டும் இல்லை, எங்கே நிறுத்துவது என்று காட்டவும்தான்.

'ஆமென்' என்று முடிகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 'மென்' நான்கு பீட். செமிபிரீவ் (நான்கு பீட் நோட்டு) போட்டுக் கொடுத்தால் ஒருவர் மூன்றரையில் 'ன்' சொல்லுவார், ஒருவர் நாலேகாலில் சொல்லுவார், முப்பது பேர் இருந்தால் முப்பது 'ன்' கேட்கும். அதையே செமிபிரீவும் அடுத்த பாரில் ஒரு க்வேவரும் டை போட்டு, பிறகு ரெஸ்ட் போட்டுக் கொடுங்கள். 'ன்' அடுத்த பாரின் முதல் பீட்டில் என்று எல்லாருக்கும் ஒரே இடம் கிடைத்துவிடும். தமிழில் ம், ன், ர், ள் என்று மெய்யில் முடிகிற சொற்கள் எவ்வளவு! நமக்கு இது ஆங்கிலப் பாட்டைவிட அதிகம் தேவைப்படும் என்று நினைக்கிறேன். வரி நடுவிலும் அப்படித்தான், மூச்சு எடுக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் மினிம் என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், டாட்டட் கிராட்செட்டும் க்வேவர் ரெஸ்டும் போட்டால் எல்லாரும் ஒன்றாக மூச்சு எடுப்பார்கள். அங்கே புள்ளிதான் உதவுகிறது, டை இல்லை.

இன்னொன்று, டையையும் ஸ்லரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் குழுவில் எப்போதும் இருப்பார்கள். ஒரே ஸ்வரத்தில் இருக்கும் இரண்டு தலையைச் சேர்த்தால் டை, மறுபடி உச்சரிக்கக் கூடாது. வேறு வேறு ஸ்வரத்தைச் சேர்த்தால் ஸ்லர், ஒரே எழுத்தை இழுத்துப் பாட வேண்டும். டை அதிகமாக இருக்கிற பக்கத்தில் ஸ்லரும் வந்தால் புதியவர்கள் டை போட்ட நோட்டை இரண்டு தடவை பாடிவிடுவார்கள். அந்த அக்கா புள்ளி வை என்று சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும், அவர் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். தேவையில்லாத ஒவ்வொரு டையும் பாடுகிறவருக்கு ஒரு கேள்வி.

லாஸ்பேட்டை கீபோர்ட்

அக்கா, 'ஆமென்' விஷயம் இன்றைக்கே மாற்றுகிறேன். எங்கள் குழுவில் அந்த 'ன்' படும் பாடு எனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. 6/8-ல் ஒரு தாலாட்டு. பாரின் தொடக்கத்தில் நான்கு க்வேவர் நீளத்துக்கு ஒரு நோட்டு, அப்புறம் இரண்டு க்வேவர். மினிம் போடலாமா? அடுத்தது ரெஸ்ட். ரெஸ்டுக்கும் டை போட வேண்டுமா, புள்ளி வைக்கலாமா?

முதலியார்பேட்டை ட்ரம்பெட்

6/8-ல் மினிம் வேண்டாம். அங்கே பீட் இரண்டே இரண்டு, ஒவ்வொன்றும் டாட்டட் கிராட்செட். நான்கு க்வேவர் நிற்க வேண்டுமென்றால் டாட்டட் கிராட்செட்டும் க்வேவரும் டை, பிறகு உங்கள் இரண்டு க்வேவர். டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் க்வேவரும் அடுத்த இரண்டும் ஒரே பீமில் (நோட்டுகளை இணைக்கும் தடித்த கோட்டில்) மூன்றாகச் சேர்ந்து நிற்கும், இரண்டாவது ஊசல் அங்கே தொடங்குகிறது என்று உடனே தெரியும். மினிம் போட்டால் 3/4 மாதிரி ஆகிவிடும், தாலாட்டின் ஆட்டமே போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 3/4-ல் இரண்டு டாட்டட் கிராட்செட் போட்டால் 6/8 மாதிரி தெரியும். அங்கே டாட்டட் கிராட்செட், பிறகு க்வேவரும் கிராட்செட்டும் டை என்று எழுதினால் மூன்றாவது பீட் தெரியும். இரண்டுக்கும் ஒரு பாருக்கு ஆறு க்வேவர்தான், எழுதுகிற விதத்தில்தான் இரண்டும் பிரிகிறது. 9/8-ல் பார் முழுக்க ஒரு நோட்டு நிற்க வேண்டுமென்றால் டாட்டட் மினிமும் டாட்டட் கிராட்செட்டும் டை. அதை ஒரே நோட்டில் எழுத வழி இல்லை.

ரெஸ்டுக்கு டையே கிடையாது. மௌனத்தை மௌனத்தோடு கட்ட வேண்டியதில்லை, அடுத்தடுத்துப் போட்டால் போதும். 6/8-ல் டாட்டட் கிராட்செட் ரெஸ்ட் தாராளமாகப் போடலாம், அது ஒரு முழு பீட். 4/4-ல் டாட்டட் கிராட்செட் ரெஸ்டைத் தவிர்த்து, கிராட்செட் ரெஸ்டும் க்வேவர் ரெஸ்டும் தனித்தனியாகப் போடுங்கள். நோட்டைவிட ரெஸ்டில் இன்னும் கறாராகப் பீட்டைக் காட்ட வேண்டும், ஏனென்றால் சும்மா இருக்கும்போதுதான் எண்ணிக்கை தப்பும்.

திருப்பாதிரிப்புலியூர் வயலின்

புள்ளியைப் பற்றி ஒரு வரலாற்று விஷயம், கிறிஸ்துமஸ் நேரத்தில் பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹேண்டலின் இசையைப் பாடுகிறவர்களுக்குப் பயன்படும். புள்ளி என்றால் சரியாகப் பாதி என்பது இன்றைய கணக்கு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், முக்கியமாகப் பிரெஞ்சு ஓவர்ச்சர் (தொடக்க இசை) மாதிரியான கம்பீரமான நடையில், புள்ளி வைத்த நோட்டைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி அடுத்த சின்ன நோட்டைச் சுருக்கி வாசிக்கிற வழக்கம் உண்டு. எவ்வளவு கூடுதல் என்பது ரசனையைப் பொறுத்தது, அதில் இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. மோசார்ட்டின் அப்பா லியோபோல்ட் 1756-ல் வெளியிட்ட வயலின் பாடநூலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இரட்டைப் புள்ளி போடலாம் என்று சொன்னார். டைக்கு இந்த நெகிழ்வு கிடையாது. க்வேவரோடு டை என்றால் ஒரு க்வேவர்தான். அதனால் பழைய இசையைப் பார்த்து எழுதும்போது அவர்கள் வைத்த புள்ளியை நீங்கள் டையாக மாற்றினால் ஒரு நடையையே பூட்டிவிடுகிறீர்கள். அங்கே கை வைக்காமல் விடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது நான் முதலில் டைதான் காட்டுவேன். கிராட்செட்டும் க்வேவரும் டை போட்டு, ஒன், அண்ட், டூ என்று கைதட்டவைத்து, அது நன்றாகப் பதிந்த பிறகு அந்த க்வேவரையும் வளைவையும் அழித்து ஒரு புள்ளி வைப்பேன். புள்ளிக்குள் இரண்டாவது பீட் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை பிறகு மறப்பதே இல்லை. நேராகப் 'புள்ளி என்றால் பாதி கூடுதல்' என்று ஆரம்பித்தால் கணக்கு வருகிறது, தாளம் வருவதில்லை.

லாஸ்பேட்டை கீபோர்ட்

எல்லாருக்கும் நன்றி. இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். குரல் பார்ட்டுகளில் அந்த 2+3+3 பாரை டையோடு விட்டுவிட்டேன். 3+3+2 ஓடுகிற பாட்டில் பேஸுக்கு மட்டும் இரண்டு டாட்டட் கிராட்செட். முதல் பீட்டிலும் மூன்றாவது பீட்டிலும் தொடங்கும் இடங்களில் இருந்த தேவையில்லாத டையெல்லாம் புள்ளியாகிவிட்டது, புள்ளி கேட்ட அக்காவிடம் காட்டினேன், பக்கம் நன்றாக இருக்கிறது என்றார். மிஸ்ர சாபு 3+4. தாலாட்டு டாட்டட் கிராட்செட் டை க்வேவர்.

கடைசியாக ஒன்று. ட்ரம்பெட் பார்ட்டில் ஒரு எஃப் ஷார்ப் (அரை ஸ்வரம் உயர்த்திய எஃப்) பார் லைனைத் தாண்டி டையில் நிற்கிறது, அடுத்த பாரிலேயே மறுபடி ஒரு எஃப் வருகிறது. கீ சிக்னேச்சரில் (வரி தொடக்கத்தில் பாட்டு முழுமைக்கும் போடும் குறிகளில்) ஷார்ப் இல்லை. டைக்கு அந்தப் பக்கம் ஷார்ப் மறுபடி போட வேண்டுமா?

முதலியார்பேட்டை ட்ரம்பெட்

டையில் தொடர்கிற நோட்டுக்கு மறுபடி போட வேண்டாம், ஷார்ப் டையோடு கூடவே வரும். ஆனால் அந்தப் பாரில் அதற்குப் பிறகு வருகிற எஃப்புக்கு அது செல்லாது, பார் லைனோடு பழைய ஷார்ப் முடிந்துவிட்டது. அதுவும் ஷார்ப் என்றால் புதிதாகப் போடுங்கள். நேச்சுரல் (ஷார்ப் இல்லாத சாதாரண எஃப்) என்றால் விதிப்படி ஒன்றும் வேண்டாம், இருந்தாலும் நேச்சுரல் குறியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒத்திகையில் இரண்டு ட்ரம்பெட்டும் இரண்டு விதமாக வாசிக்கும். டை ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாவுகிறது என்றால் அடுத்த வரி தொடக்கத்திலும் ஷார்ப்பை அடைப்புக்குறிக்குள் ஒரு தடவை காட்டலாம். முடிந்தால் அந்த இடத்தில் வரி உடையாமல் பாரை முன்னால் தள்ளிவிடுங்கள்.